ஒரு மில்லிமீட்டர் ஆயுள்

சூரஜ்பூர் ஆலையைவிட்டு வெளியே வந்தபோது யமஹா ஆர்எக்ஸ் 100 பிளாக்கின் உள்விட்டம் 50 மி.மீ. அலங்காநல்லூர் பக்கம் இன்றும் ஓடுகிற ஒரு வண்டியைப் பிரித்து அளந்தால் 50.50 இருக்கலாம், 51-கூட இருக்கலாம். இடையில் தேய்ந்தும் கடைந்தும் போன அந்த அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோதான் அதன் வரலாறு.

1985-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் யமஹாவும் சேர்ந்து இறக்கிய வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன். 1996-இல் உற்பத்தி நின்றது. வண்டியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

கரும்பு லோடு போகிற சாலைப் புழுதி, கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போனால் பிளாக்கை அரிக்கத் தொடங்கும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு வரும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்குக் காவல். அது குறைந்தால் சூட்டில் பிஸ்டன் விரிந்து பிளாக்கைக் கவ்விக்கொள்ளும்; சைலன்சர் பக்கச் சுவரில் நீளக் கோடுகள் விழும். கிக்கரில் எதிர்ப்பு இருக்காது, மேட்டில் வண்டி இழுக்காது. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி, பிளாக்கின் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை ஓட்டுவார். நகம் படியில் தட்டினால், “போர் போட்டாத்தாண்ணே சரிப்படும்” என்பார்.

பிளாக் துணிப்பைக்குள் மதுரை லேத் பட்டறைக்குப் பஸ் ஏறும். நல்ல பட்டறைக்காரர் முதலில் கேட்பது புது பிஸ்டனைத்தான். அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே உள்ளே இருக்கும் இரும்பு லைனரைக் கடைவார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடுகிற இடைவெளி ஒரு தலைமுடிப் பருமன்கூட இருக்காது. பிறகு ஹோனிங்: ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். கடைசி வேலையைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். சுவரில் வாயு போய்வரும் துளைகளான போர்ட்களின் ஓரங்களில் நிற்கும் கூர்மையை அரத்தால் மழுக்க வேண்டும்; இல்லையென்றால் ரிங் அதில் மாட்டி உடையும். பாதிக் கூலியை அந்த ஐந்து நிமிட வேலைக்கே கொடுக்கலாம்.

முதல் போருக்கு 50.25 பிஸ்டன். அடுத்தது 50.50, பிறகு 50.75, கடைசியில் 51. அப்போது கொள்ளளவு 102 சிசி ஆகியிருக்கும். அதற்குமேல் லைனரில் சதை இல்லை. பழைய லைனரை எடுத்து, புது ஸ்லீவ் இறக்கி, மறுபடி 50-இல் தொடங்குவார்கள்.

டியூக் 200 போன்ற வண்டிகளின் பிளாக்கில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே லைனரே கிடையாது. அலுமினியச் சுவர்மேல் சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த நிக்கல் பூச்சு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த நிகசில். சூட்டைச் சீக்கிரம் கடத்தும், இரும்பைவிட நெடுநாள் உழைக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடைந்தால் பூச்சே போய்விடும்.

பனிவண்டி ஓட்டுகிற அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தப் பூச்சைச் சீராக்குவதற்கென்றே பட்டறைகள் உண்டு. பிஸ்டன் அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்தால் அமிலத்தால் கரைத்து எடுக்கிறார்கள், பூச்சு பிழைத்துக்கொள்ளும். உரிந்திருந்தால் முழுவதையும் நீக்கி, குழியை வெல்டிங்கால் நிரப்பி, மறுபடி பூசி, வைரக்கல்லால் ஹோன் செய்கிறார்கள். நம் ஊர் மெக்கானிக் கடையில் பெரும்பாலும் புது பிளாக்-பிஸ்டன் செட்தான் வாங்கச் சொல்கிறார்கள். மதுரைப் பட்டறை ஒன்று இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு நிக்கல் தொட்டியும் வைரக்கல்லும் மட்டும் போதாது. கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிற ஏற்பாடும் முதல் நாளே வேண்டும்.