வரைவும் வரையாமையும்: மணவிருந்துத் திட்டமிடலின் வரலாறு

மணவிருந்துக்கு ஏற்பாடு செய்வோர் முதலில் விடை காண வேண்டிய வினா, எத்தனை பேர் உண்பர் என்பதாகும். அரிசி முதல் இலை வரை அனைத்தும் அவ்விடையைப் பொறுத்தே அமைகின்றன. ஆயினும் வந்தோரை எண்ணிச் சோறிடுதல் தமிழ் மரபில் இழுக்காகவே கருதப்பட்டு வந்துள்ளது. அளந்து தீரவேண்டிய ஒன்றை அளவின்றி வழங்குவதாகக் காட்ட வேண்டிய இந்நெருக்கடி காலந்தோறும் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

அக இலக்கியத்தில் 'வரைவு' என்பது மணத்தைக் குறிக்கும். வரைதல் என்னும் வினைக்கு எல்லையிடுதல், விலக்குதல் என்னும் பொருள்களும் உண்டு. ஒருத்தியைத் தனக்குரியவளாக்கிக் கொள்ளுதல் பிறர்க்கு எல்லையிடுதலும் ஆதலின் இப்பொருள்கள் தம்முள் இயைபுடையன எனலாம். விற்றூற்று மூதெயினனார் பாடிய அகநானூற்று 136ஆம் பாடல், மணநாளில் இறைச்சியுடன் நெய் மிக்க வெண்சோறு வழங்கப்பட்டதைக் கூறுகிறது. அவ்வீகையைச் சுட்டும் அடைமொழி 'வரையா' என்பதாகும். வரைவு நிகழும் நாளின் விருந்து வரையாததாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்து இங்குப் புலனாகின்றது.

நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலும் மணவிருந்தையே முதலில் காட்டுகிறது. உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய பெருஞ்சோறு, உண்போர் இடையறாத வண்ணம் தொடர்ந்து படைக்கப்படுகிறது. அதன் பின்னரே பந்தர், புதுமணல், விளக்கு, குடம் சுமந்து வரும் முதுபெண்டிர் ஆகியன இடம்பெறுகின்றன. இவ்விரு பாடல்களிலும் எரிவலம் இல்லை என்பதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். ஊரார் கூடி உண்டலே அம்மணத்திற்குச் சான்றாக நின்றது எனக் கருத இடமுண்டு. எனவே விருந்து மணத்தின் பின்னொட்டு அன்று, அதன் உறுப்பாகும்.

எனினும் 136ஆம் பாடலில் அவ்வீகை உயர்ந்தோரைப் பேணுதலாகவே கூறப்படுகிறது என்பதையும் மறத்தற்கில்லை. அளவுக்கு எல்லை இல்லை. உண்போர்க்கு எல்லை உண்டு.

பந்தி என்னும் உத்தி

வரையாமை என்னும் இலட்சியத்தை நடைமுறைப்படுத்திய அமைப்பு பந்தியாகும். இதில் விருந்தினரின் மொத்த எண்ணிக்கையை முன்கூட்டியே துல்லியமாக அறிய வேண்டுவதில்லை. ஒரு பந்தி உண்ணும்போதே அடுத்த பந்திக்கு உலை வைக்கப்படும். கூட்டம் மிகுந்தால் மேலும் ஓர் உலை. குறைந்தால் அரிசி மூட்டையிலேயே எஞ்சும். காய்கறி நறுக்கவும் பரிமாறவும் உறவினரும் அண்டை அயலாரும் முன்வந்தமையால் ஆட்கணக்கும் பெரிதாகத் தேவைப்படவில்லை. சரக்கறையாகிய உக்கிராணத்தின் சாவி நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இருக்கும். வெளியே அளவின்றி வழங்கப்படுவது உள்ளே படிக்கணக்கில் அளந்தே எடுத்துத் தரப்பட்டது.

ஆனால் பந்தி, உண்போரைத் தரம் பிரிக்கும் கருவியாகவும் இருந்தது. யார் முதற்பந்தியில் அமர்வது, யார் பின்னர் உண்பது, யார் பந்தலுக்கு வெளியே நிற்பது என்பன சாதியாலும் செல்வத்தாலும் முடிவு செய்யப்பட்டன. 'பந்தி வஞ்சனை' என்னும் வழக்கு இன்றும் வாழ்வது இதற்குச் சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் சமபந்தி விருந்துகள் இவ்வெல்லையையே தாக்கின. 1920களின் இறுதியிலிருந்து பரவிய சுயமரியாதைத் திருமணங்கள் சடங்கை மட்டுமின்றிச் செலவையும் குறைக்க வற்புறுத்தின. இத்திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சட்ட ஏற்பளித்தது. சமபந்தி உண்போர்க்கான எல்லையை நீக்க முனைய, சிக்கனத் திருமணம் அளவுக்கு எல்லையிட முனைந்தது. சங்கப் பாடல் காட்டிய நிலை இவ்வாறு தலைகீழானது.

அரசு இட்ட எல்லை

இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுப் பங்கீடு மணவிருந்தின் கணக்கை அரசின் கணக்காக மாற்றியது. அரிசி கட்டுப்பாட்டுப் பொருளானபின், விருந்தினர் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் ஆணைகள் இந்தியாவின் பல பகுதிகளில் பிறப்பிக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1952இல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1965இல் மீண்டும் பற்றாக்குறை நேர்ந்தபோது, வாரம் ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களை வேண்டினார்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில், 1963இல் ஆனந்த விகடனில் சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' தொடர்கதை வெளிவந்தது. மணவிருந்துக்குரிய அப்பளத்தை அமெரிக்கத் தலைநகரின் மொட்டைமாடிகளில் உலர்த்தும் நகைச்சுவை அதில் உண்டு. செலவுக்கு எல்லையே இல்லாத ஒருவர் ஏற்று நடத்தினால் தமிழ் மணவிருந்து எவ்வளவு பெரிதாகும் என்னும் கற்பனை, பங்கீட்டு வரிசையில் நின்று பழகிய வாசகர்க்குத் தனிச்சுவை அளித்திருத்தல் இயல்பே.

பிற்காலத்தில் எல்லையிடுதலின் காரணம் மாறியது. 2017இல் ஜம்மு காஷ்மீர் அரசு அறிவித்த ஆணை, மகள் திருமணத்திற்கு 500 பேர், மகன் திருமணத்திற்கு 400 பேர் என வரம்பிட்டது. நால்வர் ஒரே தட்டைச் சூழ்ந்து உண்ணும் 'வாஸ்வான்' விருந்து மரபுடைய மண்ணில் எழுந்த இவ்வாணைக்குப் பஞ்சம் காரணமன்று. ஆடம்பரமும் வீணடிப்புமே காரணம். 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது நடுவண் அரசு 50 பேர்க்கு மேல் கூடலாகாது என்றது. பஞ்சம், ஆடம்பரம், நோய் என எல்லையின் காரணங்கள் மாறினும், எண்ணப்பட்டது மனிதத் தலையே.

வரவேற்பு விருந்து

மணநாளின் காலை விருந்தினின்று மாலை வரவேற்பு தனித்த நிகழ்வாகப் பிரிந்தபின் திட்டமிடலும் மாறியது. சந்தனமும் தாம்பூலமும் நின்ற வரவேற்பில் காப்பியும் பழச்சாறும் சேர்ந்தன. சமையல் ஒப்பந்தக்காரர் இலைக்கு இவ்வளவு என விலை பேசுகிறார்; உண்ட இலைகள் எண்ணப்பட்டுத் தொகை தீர்க்கப்படுகிறது. இதனால் எண்ணிக்கையை முன்னரே அறிவிக்கும் கட்டாயம் மணவீட்டார்க்கு ஏற்பட்டது. குறைத்துக் கூறின் மானம் போகும். கூட்டிக் கூறின் உணவு வீணாகும். பந்தியும் உலையும் ஏற்றிருந்த ஐயத்தின் சுமை இன்று மணவீட்டார் தோளில் விழுந்துள்ளது.

முடிவுரை

மணவிருந்து எக்காலத்தும் எல்லையின்றி நிகழவில்லை என்பது மேற்கண்டவற்றால் தெளிவாகும். சங்கப் பாடலில் உண்போரின் தகுதியும், பந்தியில் சாதியும், பங்கீட்டுக் காலத்தில் அரிசியும், ஒப்பந்தக் காலத்தில் இலையும் எல்லையாயின. 'வரையா' என்னும் அச்சொல்லை வளத்தின் வருணனையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அளந்து ஆக்கியவர், உண்பவர் அறியாதவாறு அவ்வளவை மறைத்த நாகரிகத்தின் பெயராகவும் அதனைக் கொள்ளலாம். அந்நாகரிகம் யாரை இலையின் முன் அமர்த்தியது, யாரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தியது என்னும் வினாவோடு சேர்த்தே மணவிருந்தின் வரலாறு எழுதப்படல் வேண்டும்.