சாமுண்டேசுவரித் தொகுதியும் சித்தராமையாவும்: ஒரு தேர்தல் வரலாற்று நோக்கு

முன்னுரை

மைசூர் நகரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று அக்ரஹாரம். அரண்மனையை அடுத்த இப்பகுதி கிருஷ்ணராஜா சட்டமன்றத் தொகுதியில் அடங்கும். நகரத்தை ஒட்டிய கிராமங்களையும் புறநகர்களையும் கொண்டு அமைந்தது சாமுண்டேசுவரித் தொகுதி. கர்நாடகத்தின் முதலமைச்சராக உயர்ந்த சித்தராமையா தம் அரசியல் வாழ்வில் மிகுதியான முறை போட்டியிட்ட தொகுதி இதுவேயாகும். அங்கு எட்டு முறை போட்டியிட்ட அவர் ஐந்து முறை வென்றார். மூன்று முறை தோற்றார். பதவியின் உயர்வு ஓர் உறுப்பினருக்குத் தம் தொகுதியில் எந்த அளவிற்குத் துணைநின்றது என்பதை இவ்வெற்றி தோல்விகளின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கமும் ஏற்ற இறக்கமும்

வருணா வட்டாரத்துச் சித்தராமனஹுண்டி என்னும் சிற்றூரில் பிறந்த சித்தராமையா, மைசூரில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். 1983ஆம் ஆண்டுத் தேர்தலில் இத்தொகுதியிலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றம் சென்றார். இராமகிருஷ்ண ஹெக்டே அரசு அமைத்த கன்னடக் காவல் குழுவின் முதல் தலைவர் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. ஆட்சிமொழியாகக் கன்னடம் நடைமுறைப்படுத்தப்படுவதைக் கண்காணிப்பது அக்குழுவின் பணியாகும். 1985இல் ஜனதா கட்சியின் சார்பில் மீண்டும் வென்று அமைச்சரானார். எனினும் 1989இல் காங்கிரசின் எம். இராஜசேகர மூர்த்தியிடம் தோல்வியுற்றார்.

1994இல் ஜனதா தள வேட்பாளராக வென்று தேவகௌடா அமைச்சரவையில் நிதியமைச்சரானார், 1996இல் ஜே.எச். படேல் அமைச்சரவையில் துணை முதலமைச்சரானார். நிதித்துறையையும் துணை முதலமைச்சர் பதவியையும் வகித்த பின்னரும், கட்சி பிளவுபட்ட 1999இல் காங்கிரசின் ஏ.எஸ். குருசாமியிடம் தொகுதியை இழந்தார். 2004இல் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சார்பில் அதனை மீட்டு, தரம்சிங் அமைச்சரவையில் மீண்டும் துணை முதலமைச்சரானார்.

257 வாக்குகள்

சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள் ஆகியோரை ஒருங்கிணைக்கும் 'அஹிந்தா' இயக்கத்தை முன்னெடுத்த நிலையில், 2005இல் கட்சியிலிருந்து அவர் விலக்கப்பட்டார். 2006இல் காங்கிரசில் சேர்ந்து, உறுப்பினர் பதவியைத் துறந்து, அதே தொகுதியின் இடைத்தேர்தலைச் சந்தித்தார். கட்சி மாறியவர் மக்களின் தீர்ப்பை மீண்டும் நாடியது இங்குக் குறிப்பிடத்தக்கது. அப்போது மாநிலத்தை ஆண்டது மதச்சார்பற்ற ஜனதா தளமும் பாரதிய ஜனதாவும் இணைந்த கூட்டணி. சித்தராமையா 1,15,512 வாக்குகளும், மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சிவபசப்பா 1,15,255 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 257 மட்டுமே. இவ்வாக்குகள் மறுபக்கம் சென்றிருப்பின் அவருடைய பின்னைய அரசியல் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

பெயர் ஒன்று, எல்லை வேறு

2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பில் வருணா என்னும் புதிய தொகுதி உருவாயிற்று. சித்தராமையாவின் பிறந்த ஊர் அதனுள் அடங்கியது. 2008, 2013 ஆகிய தேர்தல்களில் அவர் அங்கிருந்தே வென்றார். 2013 மே 13 அன்று முதலமைச்சராகி, ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி வழங்கும் 'அன்ன பாக்ய' திட்டத்தைத் தொடங்கினார். தேவராஜ் அர்ஸுக்குப் பின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை நிறைவு செய்த கர்நாடக முதலமைச்சர் இவரேயாவார்.

2018இல் வருணாவை மகன் யதீந்திராவுக்கு விட்டுத் தாம் சாமுண்டேசுவரிக்குத் திரும்பினார். ஆயின் அது பழைய சாமுண்டேசுவரியன்று. வருணா பகுதி பிரிந்துபோயிருந்தது. ஒக்கலிகர் செல்வாக்கு மிக்க அத்தொகுதியில் 2013 முதல் உறுப்பினராக இருந்த ஜி.டி. தேவேகௌடா வேரூன்றியிருந்தார். தேவேகௌடா 1,21,325 வாக்குகள் பெற, முதலமைச்சர் 85,283 வாக்குகளே பெற்று 36,042 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். உடன் போட்டியிட்ட வடகர்நாடகத்துப் பாதாமியில் 1,696 வாக்கு வேறுபாட்டில் பெற்ற வெற்றியே அவரைச் சட்டமன்றத்தில் நிலைநிறுத்தியது. 2023இல் வருணாவுக்கே மீண்டு, வி. சோமண்ணாவை 46,163 வாக்கு வேறுபாட்டில் வென்று, மே 20 அன்று இரண்டாம் முறையாக முதலமைச்சர் பொறுப்பேற்றார்.

முடிவுரை

துணை முதலமைச்சராக இருந்த பின் 1999இலும், முதலமைச்சராக இருந்தபோதே 2018இலும் தோற்ற இத்தொகுதியில், ஆளுங்கூட்டணியை எதிர்த்து நின்ற 2006இல் அவர் வென்றுள்ளார். எனவே, வகித்த பதவி தொகுதி வெற்றிக்கு உறுதியளிக்கவில்லை என்பது தெளிவு. கட்சிப் பிளவு, சமூக அணிசேர்க்கை, எல்லை மாற்றம் ஆகியவையே முடிவுகளில் பெரும்பங்கு வகித்துள்ளன எனலாம். தொகுதியின் பெயரை மட்டும் நோக்கி ஓர் உறுப்பினரின் வெற்றி தோல்விகளை ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்; எல்லை வரலாற்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.