சென்னபட்டணத்துச் சிமிழும் அரக்கும்

கர்நாடகத்தின் சென்னபட்டணம் மரக்கடைசலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குக் குங்குமச் சிமிழ் கடையப்படுவது வெட்பாலை மரத்தில். கன்னடத்தில் அது ஆலெ மரம். தந்தம்போல் வெளுத்து நெருங்கிய இழையுடைய அம்மரத்தை நன்கு உலர்த்திய பின்னரே உளி தொடும். ஈரம் எஞ்சினால் வட்டம் கோணி மூடி பொருந்தாது. சுழலும் சிமிழின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெம்மையில் வண்ணம் உருகிப் படியும். தாழையோலை அதற்கு மெருகேற்றும்.

அவ்வரக்கோ, மரக்கிளைகளில் வாழும் நுண்பூச்சிகள் சுரப்பது. அதைத் திரட்டுகையில் எண்ணற்ற உயிர்கள் மடியும். இல்லறத்தார் விலக்கவேண்டிய 15 தொழில்களுள் அரக்கு வாணிகத்தையும் ஆசாரிய ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டிலேயே தம் யோகசாத்திரத்தில் வைத்தார். கைவினைஞரின் பிழைப்பும் பேணத்தக்கதே. அரக்கேறாத வெண்சிமிழைக் கேட்டு வாங்குதல், உயிரையும் பிழைப்பையும் ஒருங்கே காக்கும்.