குன்றின் கல்லும் நாற்சந்திக் குழியும்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். நானும் இருமுறை அப்படித்தான் திரும்பினேன். மூன்றாம் முறை போனபோது உள்ளூர் நண்பர் ஒருவர், "திருநாதர் குன்றைப் பார்க்காமல் போகலாமா?" என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றார். சிறிய குன்றுதான். அங்கே ஒரு பெரும் பாறையில் வரிசைக்குப் பன்னிரண்டாக, இரண்டு வரிசையில், 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அங்கேதான் அந்தப் பழைய கல்வெட்டும் இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்பது அதன் செய்தி. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்து.

எழுத்தாராய்ச்சிக்காரர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். எனக்கோ மனம் வேறு திசையில் ஓடிற்று. தானாக உயிரை விட்ட ஒருவருக்குக் கல் வெட்டிக் கௌரவம் செய்திருக்கிறார்கள் இங்கே. இங்கிலாந்திலோ, தற்கொலை செய்துகொண்டவனை இரவில் தூக்கிச் சென்று நாற்சந்தியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். உடலில் முளை அடித்ததும் உண்டு. ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்பா? அல்லது இரண்டும் வேறு வேறு செயல்களா?

சமணரைக் கேட்டால் வேறு வேறுதான் என்பார். ஸல்லேகனை என்னும் அந்த நோன்பை நினைத்தவர் நினைத்தபோது எடுத்துக்கொள்ள அவர்களுடைய நூல்கள் இடம் கொடுக்கவில்லை. விலக்க முடியாத ஆபத்து, பஞ்சம், முதுமை, தீராத நோய் என்று எல்லை வகுத்தார் சமந்தபத்திரர். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. நோன்பிருப்பவர் மேலும் வாழ ஆசைப்படுவதும் குற்றம். சீக்கிரம் சாக ஆசைப்படுவதும் குற்றம். அதாவது, வாழ்க்கை கசந்து சாவை நாடுகிறவனுக்கு அந்தக் குன்றில் இடமில்லை.

நம் சங்க காலத்து மன்னர்களின் கணக்கு வேறு. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரன் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். பெற்ற பிள்ளைகளே பகையாகிவிட, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். நண்பர் பிசிராந்தையாரும் வந்து சேர்ந்துகொண்டார். புலவர்கள் இவர்களைப் பாடினார்கள். நாமும் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் சோழன் கதையில் என் மனத்தை அறுப்பது அவனுடைய மானமல்ல. தகப்பனையும் மகன்களையும் ஒன்றாக உட்கார வைக்க அந்த நாட்டில் ஒருவராலும் முடியாமல் போனதுதான்.

மனு ஸ்மிருதியைப் புரட்டினால் ஒரே நூலில் இரண்டு குரல் கேட்கிறது. தற்கொலை செய்துகொண்டவருக்கு நீர்க்கடன் கிடையாது என்கிறது ஓர் இடம். வானப்பிரஸ்தன் உடல் விழும் வரை வடகிழக்கு நோக்கி நடக்கலாம் என்கிறது இன்னோர் இடம். பௌத்த சங்கத்தின் விதி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சாவைப் புகழ்ந்து பேசி ஒருவரைச் சாகத் தூண்டிய பிக்கு சங்கத்தை விட்டே நீங்க வேண்டும். பேச்சாலும் எழுத்தாலும் பிழைக்கிற என் போன்றவர்கள் மறக்கக் கூடாத விதி இது.

கிறிஸ்தவ உலகத்துக்கு வருவோம். 410-இல் ரோமாபுரி சூறையாடப்பட்டது. மானபங்கப்படுத்தப்பட்ட பெண்களில் சிலர் உயிரை விட்டார்கள், பலர் உயிரோடிருந்தார்கள். "ஏன் இன்னும் உயிரோடிருக்கிறாய்?" என்ற ஏளனம் அவர்களைத் துரத்தியது. அந்தப் பழைய லுக்ரீஷியாவைப் பார் என்றார்கள். அப்போதுதான் அகஸ்டின் எழுதினார்: உடலுக்கு இழைத்த கொடுமை மனத்தைக் கறைப்படுத்தாது, குற்றம் செய்தவன் வேறொருவன், தன்னைக் கொல்வதும் கொலையே. உயிரோடிருந்த பெண்களுக்கு அவர் பிடித்த குடை அது.

பின்னால் வந்தவர்கள் அந்தக் குடையை மடக்கித் தடியாக்கினார்கள். இறந்தவருக்குப் பிரார்த்தனை மறுக்கப்பட்டது. இங்கிலாந்தில் அவருடைய சொத்தை அரசு எடுத்துக்கொண்டது. செத்தவனுக்கு என்ன தண்டனை? தண்டனையெல்லாம் அவன் மனைவி மக்களுக்குத்தான். நாற்சந்திப் புதையலை 1823-இல்தான் நிறுத்தினார்கள். தற்கொலை குற்றமே அல்ல என்று அங்கே சட்டம் வந்தது 1961-இல்.

அதற்குள் அந்தச் சட்டத்தின் விதை கப்பலேறி இங்கே வந்து மரமாகிவிட்டது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம், 309-ஆம் பிரிவு: முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம்.

இந்தப் பிரிவின் பலனை நான் பள்ளிக்கூடத்து நாட்களில் கண்ணால் கண்டேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா சாகத் துணிந்து பிழைத்துவிட்டார். வீடு முழுக்கக் கூட்டம். "டாக்டரிடம் தவறுதலாக நடந்தது என்று சொல்லு. வாயைத் திறந்தால் போலீஸ் கேஸாகிவிடும்" என்று பெரியவர்கள் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் ஒப்பித்தார். டாக்டர் உடம்புக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். பல வருஷம் கழித்து அந்த அக்கா என்னிடம் சொன்னார்: "டாக்டரிடம் என்ன சொல்லணும்னு எல்லாரும் சொல்லிக் கொடுத்தாங்கடா, தம்பி. எனக்கு என்ன கஷ்டம்னு ஒருத்தரும் கேட்கலை."

309-ஆம் பிரிவு செல்லாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செல்லும் என்று 1996-இல் திருப்பிச் சொன்னது. 2017-இன் மனநலச் சட்டந்தான் வழியைத் திறந்தது. முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் தருவது அரசின் கடமை என்றது அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லை. மதமும் இளகியிருக்கிறது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு இறுதிச் சடங்கு மறுக்கும் விதி கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம் பெறவில்லை.

ஸல்லேகனை வழக்கு மட்டும் நெருடலாகவே நின்றது. 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலை என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நோன்பையும் விரக்தியையும் ஒரே கோலால் அளக்க முடியாது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் நோன்பு என்ற பெயரில் ஒரு முதியவரை யாரும் நெருக்கிவிடவும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அருகில் இருப்பவர்களுடையது.

சந்திரநந்தி ஆசிரியரைப் புகழவோ பழிக்கவோ எனக்கு யோக்கியதை இல்லை. இறந்தவருக்குத் தீர்ப்பு எழுதுவதில்தான் இத்தனை நூற்றாண்டுகளும் செலவாகியிருக்கின்றன. நமக்கு மிஞ்சியிருக்கும் வேலை சிறியது. உயிரோடிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்பது, பதில் வரும்வரை எழுந்து போகாமலிருப்பது, நம்மால் தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி அழைத்துப் போவது. அந்த அக்கா இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார். குன்றிலிருந்து இறங்கும்போது அவர் நினைவுதான் வந்தது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.