குதிரை செஞ்சவரோட பேரு என்ன?

இந்த எபிசோட் ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்குது.

கொஞ்ச நாள் முன்னாடி அய்யனார் கோயில் மண் குதிரைகளைப் பற்றிப் பேசினப்போ, "இதையெல்லாம் செய்தவர்கள் பெயர் தெரியாத கலைஞர்கள்" என்று சொல்லியிருந்தேன். கேட்க நல்லா இருந்த வரி. ரெண்டு நாள் கழிச்சு புதுக்கோட்டை மாவட்டத்துல இருந்து ஒருத்தர் மெசேஜ் அனுப்பினார். "நீங்க போட்ட போட்டோவுல இடது பக்கம் நிக்கிற குதிரை எங்க பெரியப்பா செஞ்சது. அவருக்குப் பேரு இருக்கு. நீங்க கேக்கல, அவ்ளோதான்."

சுருக்குனு இருந்துச்சு. ஆபீஸ்ல நான் ஒரு வரி கோடு மாத்தினாக்கூட யார் மாத்தினது, எத்தனை மணிக்கு மாத்தினதுன்னு பதிவாகிடும். ஆளைவிட உயரமான குதிரையைச் செஞ்சவருக்கு அந்தப் பதிவு எங்கே இருக்கு? இதைப் புரிஞ்சுக்க, மண்ணுல வேலை செஞ்சு உலகம் முழுக்கப் பேர் வாங்கினவங்க கதையை முதல்ல பார்ப்போம். அப்புறம் புதுக்கோட்டைக்கு வருவோம்.

"ஸ்டூடியோ பாட்டர்" என்றால், தானே வடிவமைத்து, தானே வனைந்து, தானே சூளையில் சுட்டு, தன் பெயரில் விற்கும் கலைஞர். 20ஆம் நூற்றாண்டில் உருவான இந்த வாழ்க்கைமுறையைச் சூளை அளவுக்கு நட்பும் உருவாக்கியது. 1919இல் குர்சரண் சிங் என்ற இளைஞர் மட்பாண்டத் தொழில் படிக்க ஜப்பான் போகிறார். அங்கே இங்கிலாந்துக்காரர் பெர்னார்ட் லீச், ஜப்பானியர்களான ஷோஜி ஹமாடா, சொயெட்சு யனாகி ஆகியோர் பழக்கமாகிறார்கள். அடுத்த வருஷமே, 1920இல், லீச்சும் ஹமாடாவும் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை போடுகிறார்கள். 1952இல் டார்டிங்டனில் குயவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் ஒரு சர்வதேச மாநாடு நடக்கிறது. லீச், ஹமாடா, யனாகி மூன்று பேரும் அதில் கலந்துகொள்கிறார்கள். அதே 1952இல் குர்சரண் சிங் டெல்லியில் "டெல்லி ப்ளூ" பட்டறையைத் தொடங்குகிறார்.

இந்த நூல் நம்ம பக்கம் வந்தது 1971இல். டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் தொழில் பழகியவர். ஹமாடாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய சூசன் பீட்டர்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ரே கட்டடக்கலை படித்தவர். பின்னாளில் பச்சை மண்ணில் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி நின்ற இடத்திலேயே சுட்டுப் பார்த்தவர்!

அங்கே பழகியவர்கள் பாண்டிச்சேரியைச் சுற்றிப் பல பட்டறைகள் போட்டார்கள். அங்கே படித்தவர்கள் நாடு முழுக்கப் போனார்கள். 2018இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் முதல் இந்திய செராமிக்ஸ் ட்ரையென்னாலே நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் மாத்வி சுப்ரமணியன், வினீத் கக்கர் இருவரும் கோல்டன் பிரிட்ஜ் மாணவர்கள்தான். கண்காட்சி என்றால் கேட்டலாக் இருக்கும். கேட்டலாக்கில் பெயர் இருக்கும். பானை உடைந்தாலும் பெயர் உடையாது.

இதுல எனக்குப் பிடிச்ச முரண் ஒண்ணு இருக்கு. அந்த நண்பர் கூட்டத்தின் சிந்தனையாளர் யனாகி. கையெழுத்து இல்லாத, சாதாரணக் கைவினைஞரின் பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். அதற்கேற்ப ஹமாடாவும் மாஷிகோவில் குடியேறிய பிறகு தன் பானைகளில் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் ஹமாடா பானை எதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஏன்னா, பார்த்ததும் அடையாளம் சொல்ற ஒரு கூட்டம் அவரைச் சுத்தி இருந்துச்சு. பேரு பானையில இல்ல, அந்தக் கூட்டத்துகிட்ட இருந்துச்சு.

இப்போ புதுக்கோட்டை.

பொன்னமராவதி போற ரோட்ல நமணசமுத்திரம் அய்யனார் கோயில் இருக்கு. பாதையின் ரெண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசையா நிக்குது. சிலதுக்குக் காது இல்ல, சிலதுக்குத் தலையே இல்ல. யாரும் அதை ரிப்பேர் பண்றதில்ல. பழசு மண்ணோட மண்ணாகட்டும்னு விட்டுட்டு, புரவி எடுப்பு வரும்போது புதுசு செஞ்சு வைக்கிறதுதான் வழக்கம்.

அங்கிருந்து அந்த நேயரின் ஊருக்குப் போனேன். பெரியப்பா திண்ணையில உட்கார்ந்திருந்தார். வேலையை விவரமாச் சொன்னார். புரவி எடுப்பு முடிவானதும் ஊர்க்காரர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண்தான் ஆர்டர். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, முதலில் நான்கு கால்கள். அது இறுகியதும் வயிறு, பிறகு கழுத்து, தலை. உள்ளே முழுக்கக் கூடு. ரொம்பப் பெரிய குதிரை என்றால் தூக்கிக்கொண்டு போக முடியாது. நிற்கிற இடத்திலேயே சுற்றி விறகும் வைக்கோலும் வறட்டியும் அடுக்கிச் சுட வேண்டியதுதான். ரே மீக்கர் வீட்டுக்குச் செய்ததை நம்ம வேளார்கள் குதிரைக்குச் செய்துகொண்டிருந்தார்கள்!

"ஐயா, குதிரையில உங்க பேரை எழுத மாட்டீங்களா?"

"அது அய்யனார் குதிரை தம்பி. அதுல நான் எப்படி எழுதுறது? பிடிமண் யாருக்குக் கொடுத்தாங்கன்னு ஊருக்குத் தெரியும்ல."

ஹமாடா கதை அப்படியே இங்க இருக்கு. இவருக்கும் பார்த்ததும் அடையாளம் சொல்ல ஒரு கூட்டம் இருக்கு. நான் அந்தக் கூட்டத்துல இல்ல, அதனால "பெயர் தெரியாத" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. ஹமாடாவின் கூட்டம் எழுதி வைத்தது. இந்தக் கூட்டம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு பிடிமண்ணை நம்பி இருக்கு. அந்த ஊர்ல இப்போ சிமென்ட் குதிரை வெச்சுட்டாங்க. பெயின்ட் அடிச்சா போதும், உடையாது. ஊர்க்காரங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனா சிமென்ட் குதிரைக்குப் பிடிமண் தேவையில்ல. பிடிமண் நின்னா, யாருக்குக் கொடுத்தாங்கங்கிற பேச்சும் நின்னுடும்.

கடைசியா அவர் பேரைக் கேட்டேன். சொன்னார். அப்பா பேரு, தாத்தா பேரு, தாத்தாவோட அப்பா பேரு, அவங்க எந்தெந்த ஊருக்குக் குதிரை செஞ்சாங்க, எல்லாம் சொன்னார். நாலு தலைமுறை, நோட்டுல மூணு பக்கம். "இதையெல்லாம் நெட்ல போட வேணாம் தம்பி" என்றார். அதனால் இங்கே சொல்லவில்லை. ஒரு நகல் எடுத்து அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். பேரன் பெங்களூர்ல வேலை பார்க்கிறானாம். அவனுக்கு இதுல பாதி தெரியாதாம்.

பழைய எபிசோட் பக்கத்துல அந்த வரியை மாத்திட்டேன். இப்போ அதுல "நான் பெயர் கேட்காத கலைஞர்கள்"னு இருக்கும்.

உங்க ஊர்லயும் ஒரு மண் குதிரை இருக்கும். அடுத்த தடவை போகும்போது போட்டோ எடுங்க, தப்பில்ல. கூடவே, பிடிமண் யார் வாங்கினாங்கன்னு ஒரு பெரியவரைக் கேட்டு எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.