பள்ளித் தோட்டமும் ஆசிரியர் பயிற்சியும்

திருக்குறளின் பொருட்பாலில் கல்விக்கு ஓர் அதிகாரம் உண்டு. உழவுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டையும் தமிழர் தொன்றுதொட்டுப் போற்றி வந்துள்ளனர். ஆயினும், உழவையே ஒரு பாடமாக்கிப் பள்ளியில் கற்பிக்க முற்பட்ட காலத்தில், அதனைக் கற்பிப்பவர் யார், அவருக்குக் கற்பிப்பவர் யார் என்னும் வினா எழுந்தது. மலாயாவில் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி சிலாங்கூரிலும் அதன் எல்லையை ஒட்டியும் நிகழ்ந்தது. ஆதலின் கிள்ளானிலும் பண்டமாரானிலும் கோலாலம்பூரிலும் பணிபுரியும் தமிழாசிரியர்க்கு அது அயலார் கதை அன்று.

1917-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. கல்வித்துறையில் உயர்பதவி வகித்த ரிச்சர்டு வின்ஸ்டெட் என்பார், ஜாவாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் சென்று அங்குள்ள தாய்மொழிப் பள்ளிகளைப் பார்வையிட்டுத் திரும்பி, அவ்வாண்டில் ஓர் அறிக்கை அளித்தார். மலாய்ப் பள்ளிகளில் தோட்ட வேலையும் கூடை முடைதல் போன்ற கைத்தொழில்களும் பாடமாதல் வேண்டும் என்றும், அதற்கேற்ப ஆசிரியர் பயிற்சி சீர்பெற வேண்டும் என்றும் அவர் கருதினார். அதன் பயனாக 1922-ஆம் ஆண்டு நவம்பரில், சிலாங்கூர் எல்லையை அடுத்துப் பேராக் மாநிலத்திலுள்ள தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. ஓ. டி. டசெக் அதன் முதல் தலைவரானார். ஆசிரியராக விரும்பிய மலாய் இளைஞர்கள் அங்கே மூன்றாண்டுகள் தங்கிப் பயின்றனர். ஏட்டுப் பாடத்தோடு பாத்தி கட்டவும் பழமரம் வளர்க்கவும் கற்றனர்.

இத்திட்டத்தின் நோக்கம் இரு முகம் கொண்டது. மீனவன் மகனையும் குடியானவன் மகனையும் அவர்தம் தந்தையரைக் காட்டிலும் அறிவுள்ள மீனவனாகவும் குடியானவனாகவும் ஆக்குவதே அரசின் எண்ணம் என்னும் கருத்துப்பட, 1920-ஆம் ஆண்டின் அரசாங்க அறிக்கையில் தலைமைச் செயலர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் எழுதினார். மண்ணை அறிந்து பயிர் செய்வது நல்லதே. ஆனால், குடியானவன் மகன் குடியானவனாகவே இருத்தல் வேண்டும் என்னும் வரம்பும் அக்கூற்றில் அடங்கியிருந்தது. உழவுக் கல்வி அறிவை வளர்ப்பதற்கா, மக்களை இருந்த இடத்திலேயே இருத்துவதற்கா என்னும் ஐயம் அன்று தொட்டே அதனைப் பற்றிக்கொண்டது. கல்லூரி ஏற்படுத்தியோர் எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. தோட்ட வேலை கற்க வந்த மாணவர்களுள் இப்ராகிம் யாக்கோப் போன்றோர் நாட்டு விடுதலை நாடும் தலைவர்களாகி வெளிவந்தனர். முறையான பயிற்சி எவ்வகையினதாயினும் அது மனிதனைச் சிந்திக்க வைக்கும் என்பதற்கு இது சான்று.

அதே 1917-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ஐக்கிய நாடு ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தை இயற்றியது. பொதுப் பள்ளிகளில் வேளாண்மையைத் தொழிற்பாடமாக நடத்த மத்திய அரசு பொருளுதவி செய்ய வழிவகுத்த சட்டம் அது. அதில் இரண்டு நிபந்தனைகள் கருதத்தக்கவை. வேளாண்மை பயிலும் மாணவன் ஆண்டுக்கு ஆறு மாதமேனும் நிலத்தில், மேற்பார்வையின்கீழ், வேலை செய்தல் வேண்டும் என்பது ஒன்று. ஆசிரியர் சம்பளத்துக்கு உதவி பெறும் மாநிலம், ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தையும் குறைந்த அளவேனும் பயன்படுத்தியிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. பயிற்சியைப் புறக்கணித்துவிட்டுப் பாடத்தை மட்டும் நடத்த அச்சட்டம் இடந்தரவில்லை.

இனி, தமிழ்ப் பிள்ளைகளின் நிலையை நோக்குதல் வேண்டும். கிள்ளான் வட்டாரம் 1890-களில் காப்பித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. காப்பி விலை வீழ்ந்தபின் பால்மரம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. காட்டை அழித்துக் கன்று நட்டவரும் பால் வெட்டியவரும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் தன் செலவில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் தோன்றின. ஆனால் ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்பதைச் சட்டம் கவனிக்கவில்லை. பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ தொழிலாளியோ ஆசிரியரானார். தஞ்சோங் மாலிம் போன்றதோர் உறைவிடப் பயிற்சிக் கல்லூரி தமிழாசிரியர்க்கென்று உலகப் போருக்கு முன்னர் அமையவே இல்லை.

இதில் உள்ள முரண்பாடு பெரிது. பள்ளியின் நான்கு புறமும் மரம். பிள்ளையின் தாயும் தந்தையும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் மரத்தடிக்குச் செல்பவர்கள். அப்பிள்ளைக்கு மரத்தின் இயல்பை எடுத்துரைக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை.

பால் வெட்டுதல் என்பது கண்ணும் கையும் கூடிச் செய்யும் நுண்தொழில். பால் ஊறும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் மிகுதியாக உள்ளன. அவற்றுக்கும் உள்ளே, பட்டையையும் மரத்தையும் பிறப்பிக்கும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. உளி அதனைத் தொட்டுவிட்டால் மரம் புண்படும். புதுப்பட்டை ஒழுங்காக வளராது. வெட்டிய இடத்தையே மீண்டும் மீண்டும் மெல்லச் சீவினால் பால் பெருகும் என்பதைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் எச். என். ரிட்லி 1890-களில் சோதித்துக் கண்டார். அச்சோதனையின் பயனை நாள்தோறும் தம் கையால் நிறைவேற்றியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். ‘உன் தந்தையின் உளி ஏன் அவ்விடத்தில் நிற்கிறது’ என்று ஒரு பாடம் நடத்தியிருந்தால், அப்பிள்ளை தாவரவியலையும் கற்றிருப்பான். தந்தையின் தொழிலுக்குள் அறிவு உண்டு என்பதையும் உணர்ந்திருப்பான். அப்பாடம் நடத்தப்படாத இடத்தில், மண்வேலை என்பது அறிவில்லாதார் தலைவிதி என்னும் எண்ணமே வேரூன்றியது. தம் பிள்ளையாவது மண்வெட்டி தூக்காமல் இருக்கட்டும் எனப் பெற்றோர் வேண்டியதில் வியப்பில்லை.

இதற்கிடையில் கோலாலம்பூருக்குத் தெற்கே செர்டாங்கில் வேறொரு முயற்சி வளர்ந்தது. 1931-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், 22 ஏக்கர் நிலத்தில் மலாயா வேளாண்மைப் பள்ளி திறக்கப்பட்டது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் அங்கே நடைபெற்றன. 1947-இல் அது வேளாண்மைக் கல்லூரியாக உயர்ந்தது. 1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் புலத்தோடு இணைந்து மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டு நிலையமாகிய மார்டியும் செர்டாங்கிலேயே அமைந்துள்ளது. ஆக, தஞ்சோங் மாலிமில் கற்பிக்கும் கலையும் செர்டாங்கில் பயிர்க்கலையும் வளர்ந்தன. வேளாண்மை ஆசிரியர் என்பவர் இவ்விரண்டும் ஒருங்கே கைவரப் பெற வேண்டியவர். பயிர் அறிந்தவர் எல்லாரும் பாடம் சொல்ல வல்லவர் அல்லர். பாடம் சொல்ல வல்லவர் எல்லாரும் பயிர் அறிந்தவர் அல்லர்.

இத்தேவை 1960-களில் வெளிப்பட்டது. 1960-ஆம் ஆண்டு ரகுமான் தாலிப் அறிக்கையின் வழியே இடைநிலைக் கல்வி விரிவடைந்தது. ஆறாம் வகுப்பின் முடிவில் பிள்ளைகளை வடிகட்டிய நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லாரும் மூன்றாம் படிவம் வரை பயில வழி பிறந்தது. தொழிற்கலை, வேளாண் அறிவியல், வாணிகம், மனையியல் என்பவற்றுள் ஒன்றை மாணவர் தெரிந்தெடுத்துப் படிக்கலாயினர். பட்டணத்துப் பள்ளியிலும் வேளாண்மை பாடமாயிற்று. பாடத்திட்டத்தை ஓராண்டில் அச்சிட்டு அனுப்பிவிடலாம். ஆசிரியரை ஓராண்டில் விளைவிக்க இயலாது.

அக்காலத்தில்தான் தமிழ்த் தொழிலாளர்க்கும் நிலம் வேறொரு பொருள் தரலாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலியாக இருந்தவர் பங்குடையவர் ஆனார். பங்குடையவர்க்கு மறுநடவு எப்போது, எந்தக் கன்று நல்லது, உரச் செலவு என்ன என்னும் அறிவு வேண்டும். மாக்ஸ்வெல் கூறிய உழவுக் கல்வி மக்களை ஓரிடத்தில் இருத்துவது. கூட்டுறவுத் தோட்டத்துக்கு வேண்டிய உழவுக் கல்வியோ மக்களை உரிமையாளராக நிமிர்த்துவது. பாடம் ஒன்றாயினும் பயன் வேறு.

ஒருமுறை பெற்ற பயிற்சி ஆசிரியர்க்கு ஓய்வு பெறும்வரை போதுமா என்பது அடுத்த வினா. இதற்குச் செம்பனையே விடை கூறும். 1970-களில் மலேசியத் தோட்டங்களில் செம்பனைப் பூக்களுக்குத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினர். முகப்பூச்சு மாவு போன்ற தூளில் மகரந்தத்தைக் கலந்து, பெண் பூங்குலை ஒவ்வொன்றின்மேலும் தூவுதல் அன்றாட வேலையாயிருந்தது. காற்றே மகரந்தத்தைக் கொண்டு செல்லும் என்பது அதுகாறும் நிலவிய கருத்து. ஆப்பிரிக்காவில் கெமரூன் நாட்டுக் காடுகளை ஆராய்ந்தபோது, சிறு கூன்வண்டு ஒன்று அப்பணியைச் செய்வது தெளிவாயிற்று. 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் அருகே பாமோல் தோட்டத்தில் அவ்வண்டு விடப்பட்டது. விரைவில் அது எங்கும் பெருகியது. கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது. 1975-இல் பயிற்சி பெற்ற ஆசிரியர் தம் பழைய குறிப்பேட்டைக் கொண்டே 1983-இல் பாடம் நடத்தியிருந்தால், தோட்டத்தில் இல்லாத ஒன்றைக் கற்பித்தவர் ஆவார். அவர் மேல் குறை கூறுவதற்கில்லை. அவரை மீண்டும் அழைத்துக் கற்பிக்காததே குறை.

இன்றும் அந்நிலை மாறிக்கொண்டே இருக்கிறது. 2017 முதல் இடைநிலைப் பள்ளிகளில் வந்த வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தில், நீரில் உரம் கலந்து செடிக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டும் முறையும், மீன் வளரும் நீரைக்கொண்டே கீரை வளர்க்கும் முறையும் இடம்பெற்றுள்ளன. அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி பெறல் வேண்டும் என்பது 2005-இல் வகுக்கப்பட்ட கொள்கை. ஏழு நாளையும் ஒரு மண்டபத்தில் தொடர்ந்து அமர்ந்து கழித்தால், வேளாண்மை ஆசிரியர்க்குப் பயன் சிறிதே. கங்கோங் கீரை விதைத்து அறுக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பயற்றங்காய்க்கு அதனினும் கூடுதல் நாள் வேண்டும். அந்த ஏழு நாளையும் ஒரு பயிரின் வாழ்நாளில் பிரித்து வைத்தல் தகும். மண் பதப்படுத்த ஒரு நாள், விதைக்க ஒரு நாள், பூச்சி கண்டபோது ஒரு நாள், அறுவடைக்கு ஒரு நாள், ஆராய்ச்சி நிலையம் சென்றுவர ஒரு நாள், தோற்ற பாத்தியை உடனாசிரியரோடு ஆராய ஒரு நாள், பாடக்குறிப்பு எழுத ஒரு நாள் என வகுத்தால், பயிரும் வளரும், ஆசிரியர் அறிவும் வளரும்.

தமிழாசிரியர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. பால்மரம், செம்பனை, மங்கு, நிரை முதலாய தோட்டத்துச் சொற்கள் தொழிலாளர் வாயில் விளைந்தவை. பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லுமே வழங்கும். தோட்டங்கள் குறைந்து வரும் இந்நாளில், அச்சொற்களை முதியோரிடம் கேட்டு எழுதிப் பாடத்தில் ஆளாவிடின் அவை ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகும்.

பண்டமாரான், அவசரகாலத்தில் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் எழுந்த புதுக்கிராமங்களுள் ஒன்று. கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடையே, இன்று வீடுகளும் தொழிற்கூடங்களும் நெருங்கிய இடம். சுற்றிலும் இருந்த தோட்டங்களுள் பல, மனையாகவும் ஆலையாகவும் மாறிவிட்டன. பாட்டன் வெட்டிய மரத்தைப் பேரன் கண்டதில்லை. முன்னாளில் பிள்ளையைச் சுற்றி மண் இருந்தது. மண்ணை விளக்கும் ஆசிரியர் இல்லை. இந்நாளில் பயிற்சிக்கு வழியுண்டு, மண்தான் அருகிவிட்டது. எனினும் செர்டாங் அங்கிருந்து ஒரு பகலில் போய்வரும் தொலைவே. பள்ளிச் சுவரோரம் நான்கு பாத்திக்கு இடம் கிடைத்தாலும் போதும். அப்பாத்தியை ஆண்டுதோறும் தாமே பயிரிட்டுக் கற்கும் ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கு ஒருவராய் வாய்த்தால், தோட்டப் பள்ளிகள் இழந்த அந்தப் பாடத்தைப் பேரப்பிள்ளைகளேனும் கற்பர்.