திருப்பாடுகளின் இசையும் மதுரைச் சபைப் பாடலும்

சமயப் பாடல்கள் பல தோன்றுகின்றன. அவற்றுட் சிலவே நிலைபெறுகின்றன. நிலைபேற்றிற்குக் காரணம் படைத்தவன் புலமையோ, பாடுவோர் பழக்கமோ என்னும் வினா இசை வரலாற்றிற்கும் இலக்கிய வரலாற்றிற்கும் பொதுவாம். ஐரோப்பியப் பாரோக் காலத்துப் பெரும்படைப்பு ஒன்றனை முன்னிறுத்தி, மதுரை வட்டாரக் கிறித்தவ இசை வரலாற்றில் இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

செருமானிய இசைமேதை யோகான் செபாசுத்தியன் பாக் இயற்றிய 'மத்தேயு திருப்பாடுகள்' 1727ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகரத் தூய தோமா தேவாலயத்தில் முதன்முதற் பாடப்பெற்றது என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. இரு பாடகர் குழுக்களும் இரு கருவியிசைக் குழுக்களும் எதிரெதிர் நின்று இசைக்குமாறு அமைந்த அரிய படைப்பு இது. எனினும், அதன் இடையிடையே சபையார் நெடுநாள் அறிந்த எளிய மெட்டுகளைப் பாக் அமைத்துள்ளார். அவற்றுள் ஒன்று இப்படைப்பில் ஐந்து முறை வருகின்றது. அம்மெட்டு கோயிலிற் பிறந்ததன்று. ஆன்சு லியோ ஆசுலர் என்பார் 1601இல் வெளியிட்ட காதற் பாடலின் மெட்டே அது. பின்னர் 17ஆம் நூற்றாண்டிற் பால் கெர்ஆர்ட்டு பாடிய துயர்ப் பாடலுக்கு அது பொருந்திச் சிலுவைப் பாடல் ஆயிற்று. உலகியற் பாட்டு இறைப்பாட்டாகத் திரிந்த இந்நெறி, அகத்துறை மரபைப் பத்தி நெறிக்கு ஆக்கிக்கொண்ட தமிழர்க்குப் புதிதன்று.

பாக் 1750இல் மறைந்தபின் இப்படைப்பு பொதுமக்கள் செவிக்கு எட்டாதாயிற்று. 1829இல், இருபதே அகவையினரான மெண்டல்சன் இதனைச் சுருக்கிப் பெர்லினில் அரங்கேற்ற, இது மறுவாழ்வு பெற்றது. ஏட்டில் எழுதப்பெற்ற இசைக்குறிப்பு இல்லையேல் அம்மறுவாழ்வு நிகழ்ந்திராது. ஆனால் ஏடு காத்ததனை மக்கள் நெஞ்சம் ஏற்றமைக்கு, அறிந்த மெட்டின் துணையும் ஒரு காரணம் எனலாம்.

பாக்கின் சமகாலத்தவரான சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் வழிவந்த செருமானியத் தொண்டர்கள் தம் நாட்டுச் சபைப் பாடல்களைத் தமிழாக்கி, அந்நாட்டு மெட்டுகளிலேயே பாடுவித்தனர். 18ஆம் நூற்றாண்டிற் பெப்ரீசியசு பல பாடல்களை மொழிபெயர்த்தார். இவை 'ஞானப்பாட்டு' என்னும் பெயரால் லுத்தரன் சபையாரிடை இன்றும் வழங்குகின்றன. ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. செருமானிய மெட்டு அசையழுத்தத்தைப் பற்றி நடப்பது. தமிழ்ச் சொல்லோ குறில் நெடில் அளவைப் பற்றி நடப்பது. மெட்டிற்காகக் குறில் நீளவும் நெடில் குறுகவும் நேரின் பொருள் மயங்கும்.

மதுரையில் 1834இற் பணி தொடங்கிய அமெரிக்க மிசனைச் சார்ந்த எட்வர்டு வெப் மாற்றுவழி கண்டார். அவர் 1853இற் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுப்பிற்குப் பெருந்துணையானவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864). குறவஞ்சி என்னும் நாட்டு இலக்கிய வகையைப் 'பெத்தலகேம் குறவஞ்சி' எனக் கிறித்துவுக்கு ஆக்கியவர் இவர். கீர்த்தனையின் பல்லவி மீண்டும் மீண்டும் வருதலின் எழுத்தறியாதாரும் ஒரு முறை கேட்டு உடன்பாடலாம். எதுகையும் மோனையும் நினைவிற்குத் துணைசெய்யும். பாக்கிற்குச் சபை மெட்டு ஆற்றிய தொண்டினைச் சாத்திரியார்க்குப் பல்லவி ஆற்றிற்று எனின் மிகையாகாது.

வரலாறு ஆண்டு நின்றுவிடவில்லை. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியின் ஆசிரியராய் விளங்கிய தியோபிலசு அப்பாவு, 'பறட்டை அண்ணன்' எனப் பெயர் பெற்றவர், 2005இல் மறைந்தார். கருநாடக இசை வழிவந்த கீர்த்தனை உயர்சாதியார் சுவையைச் சார்ந்தது என்றும், சிற்றூர்த் தலித்து மக்கள் தம் நாட்டுப்புற மெட்டிலேயே இறைவனை வழிபடல் வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அம்மெட்டுகளில் வழிபாட்டு முறை ஒன்றனையே இயற்றினார். பாடுவோர் தம் வாழ்விற்கேற்பப் பாடலைத் திருத்திப் பாடும் உரிமையை அவர் போற்றினார். செருமானிய மெட்டிற்கு மாற்றாக வந்த கீர்த்தனைக்கே பின்னொரு மாற்று வேண்டப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

ஆகவே, பாடுவோர் தமதென ஏற்கும் இசையிலேயே சமயப் பாடல் நிலைபெறுகின்றது என்பது யாம் கண்ட முடிபு. புலமை வேண்டா என்பது இதன் பொருளன்று. பாக்கின் பெரும்புலமையும் பழகிய மெட்டொன்றைத் துணைக்கொண்டது என்பதே கருத்து. இம்முடிபு ஆய்வாளர்க்கு ஒரு கடமையையும் உணர்த்துகின்றது. பாக்கின் படைப்பு மக்கள் மறந்த காலத்தும் ஏட்டில் உறங்கிக் கிடந்தது. பாடுந்தோறும் மாறும் சிற்றூர்ப் பாடலோ, பாடும் நா ஓய்ந்தால் தடமின்றி மறையும். மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் வழங்கும் இத்தகைய பாடல்களைப் பாடவேறுபாடுகளுடன் தொகுத்தல் தமிழ்த்துறைகளின் பணியாதல் வேண்டும். அவை கிறித்தவர்க்கே உரியன எனவோ, நாட்டுப்புறத்தன எனவோ ஒதுக்குவோமாயின், தமிழ் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியை நாமே இழந்தவராவோம்.